சந்தேகப் பெட்டி

"சார், நிக்கவே மாட்டேங்குது சார்."

மூன்றாவது வரிசை மாணவியின் திரையில் 'வணக்கம்' 'வணக்கம்' என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து தடவை சொல்லிவிட்டு நிற்க வேண்டிய வணக்கம். இரண்டாயிரத்தைத் தாண்டியும் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, ஏதோ பெரிய வியாதியைக் கண்டுபிடிக்கப் போகிறவர் மாதிரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"ரீஸ்டார்ட் பண்ணு."

"மூணு தடவை பண்ணிட்டேன் சார்."

"நாலாவது தடவை பண்ணினியா?"

லேபில் இருந்த நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அந்தக் கல்லூரியில் அவருக்குப் பெயரே ரீஸ்டார்ட்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் நின்றாலும் ரீஸ்டார்ட், ஓடினாலும் ரீஸ்டார்ட், பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் ரீஸ்டார்ட். ஒருமுறை லேபில் டியூப் லைட் மினுக்கியபோதும் அதையே சொன்னார் என்று மாணவர்கள் சத்தியம் செய்வார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருஷம் அதே கல்லூரியில் விலங்கியல் எடுத்தவர் அவர். தவளையும் கரப்பான்பூச்சியுமாக நிம்மதியாக இருந்தார். திடீரென்று ஒரு வருஷம் விலங்கியலில் சேர ஒருத்தர்கூட வரவில்லை. துறையை இழுத்து மூடினார்கள். வாத்தியாரை என்ன செய்வது? ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு வாரம் மவுஸைப் பிடிக்கப் பழகினார், மூன்றாவது வாரம் காய்ச்சல், மீதி மூன்று வாரம் கடைசி பெஞ்சில் தூக்கம். திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். போன மாதம், இருந்த ஒரே உருப்படியான துறைத் தலைவரும் வேறு வேலை கிடைத்துக் கம்பி நீட்டிவிட, நாற்காலி காலியாக இருக்கிறதே என்று இவரைத் தற்காலிகத் தலைவராக உட்கார வைத்தார்கள்.

அந்த 'தற்காலிக' என்ற வார்த்தைதான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. முதல்வர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசம் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வர்றார். அவர் நல்ல வார்த்தை சொன்னா நீங்கதான் நிரந்தரத் தலைவர். இல்லேன்னா விடுதிக் கிடங்கு ஒண்ணு ஆள் இல்லாம கிடக்கு. நம்ம காலேஜ்ல இருந்து யாரையாவது அனுப்பியே ஆகணும்."

விடுதிக் கிடங்கு தரைக்குக் கீழே இருந்தது. வாளி, மெத்தை, பல்பு. காலையில் எண்ண வேண்டும், சாயங்காலம் எண்ண வேண்டும். மனுஷ வாடை கிடையாது. கையில் போன் இருந்தும் பிரயோஜனமில்லை, அங்கே ஒரு புள்ளி சிக்னல்கூட வராது. அங்கே போய் உட்கார்ந்தால் தன் மனைவியே தன்னை மறந்துவிடுவாள் என்று அவர் நம்பினார். அந்த அம்மாள் அதற்கு முயற்சி எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

"சார், வணக்கம் இன்னும் ஓடுது சார்," என்றாள் மாணவி.

"சார், அது வந்து..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

லேப் அம்மா. கையில் மஞ்சள் துணி. பத்தொன்பது வருஷமாக அந்த லேபில் கம்ப்யூட்டருக்கு உறை போடுவதும், உறை எடுப்பதும், கீபோர்டு துடைப்பதும் அவர் வேலை. ரீஸ்டார்ட் திரும்பிப் பார்த்த பார்வையில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏம்மா, உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார், அந்த எண்ணிக்கைய..."

"உங்க எண்ணிக்கை எல்லாம் உறையோட நிக்கட்டும். எத்தனை உறை கிழிஞ்சிருக்குன்னு எண்ணுங்க. போய் டீ சொல்லிட்டு வாங்க."

லேப் அம்மா டீ சொல்லப் போனார். ரீஸ்டார்ட் மாணவி பக்கம் திரும்பி, "இதுக்கு விடை எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா நீ எப்போ யோசிப்பே? திங்கக்கிழமை சொல்றேன்," என்று ஒப்பேற்றிவிட்டு, தன் கையாலேயே சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். வணக்கம் ஒருவழியாக நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் டியூஷனுக்குப் போனார்.

ஆமாம், அவரேதான். வகுப்பில் தினமும் "டியூஷன் போறவன் உருப்படவே மாட்டான், அது படிப்பே இல்ல, பம்மாத்து" என்று முழங்குகிற அதே மனிதர்தான். நகரத்தின் மறு கோடியில், ஒரு தையல் கடைக்கு மேலே, முதல் மாடியில், 'கம்ப்யூட்டர் சயின்ஸ் தனிப்பயிற்சி' என்று சின்னதாகப் பலகை தொங்கும் வீடு. ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார். தலையில் போட்ட ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடப்பார். மாடிப்படி ஏறி, கதவு திறந்து, உள்ளே போய், கதவு சாத்திய பிறகுதான் முகம் வெளியே வரும். டியூஷன் டீச்சரிடம் தன்னை ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளி என்று சொல்லி வைத்திருந்தார். ஆர்வத்தில் படிக்கிறாராம்.

டியூஷன் டீச்சர் நாற்பத்தைந்து வயதுக்காரி, தனிக்கட்டை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பழகிய வாய். முதலாளி என்றெல்லாம் பார்க்காது.

"போன வாரம் சொன்னதைச் சொல்லுங்க."

"அது... அந்த... சுத்துறது..."

"சுத்துறதா? நல்லா சுத்துச்சு. கடையில நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுத்து உங்களுக்கு மூளையே துருப்பிடிச்சுப் போச்சுங்க."

வகுப்பில் நாற்பது பேரை நடுங்க வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"ஒரு சின்ன சந்தேகம். பத்து தடவை வணக்கம் சொல்லிட்டு நிக்கணும். நிக்க மாட்டேங்குது. ஏன்?"

டீச்சர் சீட்டை வாங்கிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பேனாவால் காதைச் சொறிந்தாள். சட்டென்று எழுந்தாள்.

"அய்யய்யோ, அடுப்புல பால் வச்சிருக்கேன். இருங்க, வந்துடறேன்."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள். முகத்தில் பழைய அதிகாரம் வந்திருந்தது.

"பத்துப் படி ஏறினதும் நில்லுன்னு சொல்லியிருக்கீங்க. சரி. ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் எண்ணிக்கையில ஒண்ணு கூட்டுன்னு சொல்லவே இல்ல. காலைத் தூக்காம நின்ன இடத்துலயே நின்னா பத்தாவது படி எங்கேருந்துங்க வரும்? கடைசியில ஒண்ணு கூட்டுங்க, நின்னுடும்."

ரீஸ்டார்ட் அவசர அவசரமாக எழுதிக்கொண்டார். எழுதும்போது மனசுக்குள் டீச்சரையும் விட்டுவைக்கவில்லை. என்ன பொம்பளை இவள்? நான் சந்தேகம் கேட்கும்போதெல்லாம் பால் காய்கிறது. போன வாரம் மூன்று சந்தேகம், மூன்று தடவை பால். இத்தனை பாலை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாள்? ஒரு நாளாவது ஒரு வாய் டீ கொடுத்திருப்பாளா? கஞ்சப் பிசினாறி.

திங்கட்கிழமை வகுப்பில் அவர் படிக்கட்டுக் கதையை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். மாணவியின் வணக்கம் பத்தோடு நின்றது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னும் யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

பதினேழு கைகள் உயர்ந்தன.

ஒரு வினாடி ஆடிப்போனார். ஆனாலும் இருபத்திரண்டு வருஷ அனுபவம் எங்கே போகும்? உடனே ஒரு வழி தோன்றியது. அறையில் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, மேலே பிளேடால் கீறி, 'சந்தேகப் பெட்டி' என்று எழுதி, லேப் கதவுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். சந்தேகத்தை எழுதிப் போட வேண்டும். திங்கட்கிழமைதான் பதில். நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"கண்ட நேரத்துல கேக்குறது ஒழுக்கம் இல்ல," என்று விளக்கம் வேறு.

லேப் அம்மாதான் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார். வெள்ளிக்கிழமை தோறும் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக் கொடுப்பதும் அவர்தான்.

"இந்த வாரம் ஒன்பது சார். இதுல நாலாவது கேள்வி நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லணுமா? கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார்," என்றார் லேப் அம்மா, சாதாரணமாக.

ஒன்பது சீட்டும் ஹெல்மெட்டோடு டியூஷன் மாடிக்குப் போகும். ஒன்பது தடவை பால் காயும். திங்கட்கிழமை ஒன்பது விடைகள் வகுப்பில் முழங்கும். நாலே வாரத்தில் ரீஸ்டார்ட்டின் புகழ் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துத் துறைக்காரர்கள்கூட வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேதியியல்காரர், "எப்படி சார், தவளையில ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "எல்லாம் உள்ளே இருக்கணும் சார், வெளியேருந்து வராது," என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நெஞ்சுக்கு மேலே சட்டைப் பையில் டியூஷன் டீச்சரின் விடைச் சீட்டுகள்தான் இருந்தன.

அந்தப் பெட்டியே வினையாக வந்து சேர்ந்தது. முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"பிரமாதம் சார் உங்க பெட்டி! ஆய்வு அதிகாரிகிட்ட அளந்து வச்சிருக்கேன். வியாழக்கிழமை வர்றார். அவர் முன்னாடியே பெட்டியைத் திறக்கிறோம், சீட்டை எடுக்கிறோம், நீங்க அங்கேயே பதில் சொல்றீங்க."

"சார், திங்கக்கிழமை பதில் சொல்றதுதான் முறை..." என்று இழுத்தார் ரீஸ்டார்ட்.

"உங்களுக்கு எதுக்கு சார் திங்கக்கிழமை? எல்லாம் உள்ளேயே இருக்குன்னு வேதியியல்காரர் சொன்னாரே."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாளியும் மெத்தையும் கண் முன்னால் வந்து வந்து போயின. கடைசியில் டியூஷன் டீச்சரிடமே போய் விழுந்தார். கடைக்கு ஒரு பெரிய புள்ளி வருகிறார், கம்ப்யூட்டரில் புலி, அவரிடம் மானம் போகக் கூடாது என்று ஒரு கதை விட்டார். "போனை ஆன்லயே வச்சிருக்கேன். அவர் கேக்குறதை நான் சத்தமா திருப்பிச் சொல்லுவேன். நீங்க என் காதுல பதில் சொன்னா போதும்."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பெரிய புள்ளிக்கு ஸ்க்ரூ வேணுமா, பாடம் வேணுமா?"

"ரெண்டும் வேணும்னு வச்சுக்கோங்களேன்."

"சரி, பேசுங்க. ஆனா அந்த நேரத்துல அடுப்புல பால் இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வியாழக்கிழமை காலை. லேப் பளபளத்தது. நீல உறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எலிக்கு ஒரு கீபோர்டு வயர் பிடித்துப்போய் அதைக் கடித்திருந்ததை லேப் அம்மா நாடா சுற்றிச் சரிசெய்திருந்தார். சட்டைப் பையில் போன், இடது காதில் குட்டி இயர்போன், அதற்கு மேல் ஒரு கை பஞ்சு என்று ரீஸ்டார்ட் வாசலில் நின்றார்.

ஆய்வு அதிகாரி குள்ளமான மனிதர். வந்ததும் வராததுமாக, "காதுல என்ன?" என்றார்.

"சளி சார். கேள்வியை ரெண்டு தடவை சொல்லிக்கிட்டாத்தான் புரியும்."

"கேள்வியை ரெண்டு தடவை சொல்லிக்கிறது நல்ல பழக்கம்," என்று அதிகாரி முதல்வரைப் பார்த்துத் தலையாட்டினார். முதல்வர் பெருமையில் பூரித்தார்.

பெட்டி திறந்தது. அதிகாரி கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். "பட்டியல்ல பத்து எண் இருக்கு. பத்தாவதைக் கேட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு பிழை வருது. ஏன்?"

"ஓஹோ!" என்று ரீஸ்டார்ட் கூரையைப் பார்த்து முழங்கினார். "பத்து எண் இருக்கு! பத்தாவது இல்லைங்குது! ஏன்? அதானே கேள்வி?"

காதில் டீச்சரின் குரல் கேட்டது. "பத்தாவதா? இருங்க, இருங்க. அய்யய்யோ, பால்!"

அதே நேரத்தில் லேபின் மூலையில் லேப் அம்மாவின் போன் கிர்ரென்று உறுமியது. பழைய பட்டன் போன், திரை உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசினார்.

இவளுக்கு இப்போதுதானா ஊர் வம்பு என்று ரீஸ்டார்ட் பல்லைக் கடித்தார். மாணவர்களைப் பார்த்து, "நல்லா யோசிங்க. யோசிக்கிறவன்தான் மனுஷன்," என்று ஒரு நிமிஷத்தை ஓட்டினார். லேப் அம்மா போனை மடியில் செருகினார். காதில் டீச்சர் திரும்பி வந்தாள்.

"கேளுங்க. கம்ப்யூட்டர் ஒண்ணுல இருந்து எண்ணாது, சைபர்ல இருந்து எண்ணும். பத்துப் பேர் இருந்தா கடைசி ஆள் நம்பர் ஒன்பது. பத்தாம் நம்பர்ல யாரும் இல்ல."

ரீஸ்டார்ட் அதை ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். சைபருக்கு மட்டும் ஒரு தனி இழுப்பு இழுத்தார். முதல்வர் கை தட்டினார். மாணவர்களும் தட்டினார்கள், பெஞ்சை.

ஆனால் அதிகாரியின் பார்வை மூலையில் இருந்தது. "அந்த அம்மா யாரு? ஆய்வு நடக்கிற நேரத்துல போன் பேசறாங்களே, இங்க ஒழுக்கம் எல்லாம் இப்படித்தானா?"

இந்த வாய்ப்பை விடுவாரா? ரீஸ்டார்ட் நான்கே எட்டில் மூலைக்குப் போனார்.

"ஏம்மா, வெக்கமா இல்ல உங்களுக்கு? குடுங்க போனை."

"சார், அது வேணாம் சார், இன்னைக்கு மட்டும்..."

"குடுங்கன்னா குடுங்க! சாயங்காலம் மெமோ வரும். வாங்கிட்டு அழுங்க."

லேப் அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். அதில் கோபத்தைவிடப் பரிதாபம் அதிகமாக இருந்தது. போன் ரீஸ்டார்ட்டின் பேன்ட் பையில் இறங்கியது. அதிகாரி, "அப்படித்தான் இருக்கணும்," என்றார்.

இரண்டாவது சீட்டு வெறும் கேள்வி இல்லை. மூன்றாவது வரிசை மாணவி எழுந்து நின்று தன் திரையைப் பெரிய திரைக்கு மாற்றினாள். "சார், முதல் பெட்டியில அஞ்சு, ரெண்டாவது பெட்டியில ஏழு. இடம் மாத்தணும். மாத்தினா ரெண்டுலயும் ஏழு ஏழுன்னு வருது. அஞ்சு எங்க சார் போச்சு?"

"ஓஹோ! அஞ்சும் ஏழும் இடம் மாறணும்! ஆனா ஏழும் ஏழும் வருது! அஞ்சைக் காணோம்!" என்று பஞ்சுக் காதுக்குக் கேட்கும்படி கத்தினார்.

"அஞ்சைக் காணோமா?" என்றாள் டீச்சர் காதில். "இருங்க இருங்க, பால் பொங்குது."

அவருடைய பேன்ட் பை அதிர ஆரம்பித்தது. லேப் அம்மாவின் போன். விர்ர்ர், விர்ர்ர் என்று தொடையைக் குடைந்தது. அதிகாரி சத்தம் வந்த பக்கம் பார்த்தார். ரீஸ்டார்ட் பைக்குள் கையை விட்டு, கண்ட பட்டனை அழுத்தி அடக்கினார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அடக்கினார். மூன்றாவது தடவை, பேட்டரியையே பிடுங்கிப் போட்டார்.

காதில் டீச்சர் வந்தாள். மூச்சு வாங்கியது. "பால்... பால் எல்லாம் கொட்டிடுச்சுங்க. இன்னைக்கு என்னால முடியாது. மன்னிச்சுக்கோங்க." டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

ரீஸ்டார்ட் பேந்தப் பேந்த விழித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். கிடங்கின் வாளிகள் வரிசையாகத் தெரிந்தன. வாயைத் திறந்தார். வாயில் என்ன இருந்ததோ அதுதானே வரும்.

"ரீஸ்டார்ட் பண்ணு."

மாணவி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ரீஸ்டார்ட் பண்ணினாள். அது பழைய இயந்திரம். எழுந்து உட்காரவே மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷத்தை நிரப்ப அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இடமாற்றம்னா என்ன? எல்லாத்துக்கும் ஒரு மூணாவது அறை வேணும். தவளையை எடுத்துக்கோங்க. தவளைக்கு இதயத்துல எத்தனை அறை? மூணு!"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "தவளையா? நான் தாவரவியல் சார்! எங்க துறையை மூடினதும் இந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. சொல்லுங்க, சொல்லுங்க." அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல்வரும் திரும்பிக்கொண்டார். ரீஸ்டார்ட் உற்சாகமாகத் தவளையை மல்லாக்கப் போட்டு அறுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் எழுந்தது. லேப் அம்மா மஞ்சள் துணியோடு வந்து மாணவியின் கீபோர்டைத் துடைத்தார். தடதடவென்று ஒரு நிமிஷம் துடைத்தார். ரீஸ்டார்ட் ஓரக்கண்ணால் பார்த்து, இவ்வளவு நடந்தும் இந்தப் பொம்பளைக்குத் தூசியைத் தவிர வேறு கவலையே இல்லையே என்று நொந்துகொண்டார்.

"சார்!" என்று மாணவி கத்தினாள். "ஏழு, அஞ்சு! மாறிடுச்சு சார்!"

பெரிய திரையில் ஏழும் ஐந்தும் சமர்த்தாக இடம் மாறி நின்றன. அதிகாரி எழுந்து வந்து ரீஸ்டார்ட்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தவளையையும் கம்ப்யூட்டரையும் இப்படிச் சேர்த்துச் சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்ல. என்னை மாதிரி வேற துறையிலேருந்து தள்ளப்பட்டவங்க நாற்பது பேர் இருக்காங்க. வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமையிலேருந்து மூணு நாள், இதே லேப்ல நீங்க அவங்களுக்குப் பயிற்சி குடுக்கணும். நானும் முதல் வரிசையில உக்காருவேன். முடியுமா?"

"தாராளமா!" என்றார் ரீஸ்டார்ட். பயிற்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை இருக்கிறது. அது போதும்.

அடுத்த புதன்கிழமைக்குள் எல்லாம் நடந்து முடிந்தது. 'தற்காலிக' என்ற வார்த்தை பலகையிலிருந்து அழிந்தது. ஆய்வு நடந்த அன்று எழுதிய மெமோவை ரீஸ்டார்ட் மூன்று பக்கத்துக்கு நீட்டியிருந்தார். 'அலட்சியம்', 'ஒழுங்கீனம்', 'துறையின் மானம்' என்று தேடித் தேடிப் போட்டிருந்தார். முதல்வர் அதைப் படித்துவிட்டு, எப்படியும் கிடங்குக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று லேப் அம்மாவை அங்கே மாற்றிப் போட்டார். தான் போகவிருந்த இடத்துக்கு அந்த அம்மா போவதில் ரீஸ்டார்ட்டுக்குத் தனி திருப்தி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப் அம்மா கடைசியாகத் துறைத் தலைவர் அறைக்கு வந்தார். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். மஞ்சள் துணியைத் துவைத்து, மடித்து, பக்கத்தில் வைத்தார்.

"எட்டாம் நம்பர் மெஷின் சூடாகும் சார். பன்னெண்டாவதுல பழைய கேள்வி எல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்? போற இடத்துலயாவது போனைக் கீழ வச்சிட்டு வேலையைப் பாருங்க." பேட்டரி இல்லாத பட்டன் போனைத் தூக்கி அவர் பக்கம் தள்ளினார். பேட்டரியைத் தனியாக உருட்டிவிட்டார். பக்கத்தில் ஹெல்மெட் தயாராக இருந்தது. திங்கட்கிழமைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவர் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்த கேள்விகள் பெரிய உறையில் புடைத்துக்கொண்டிருந்தன. மொத்தம் அறுபத்து மூன்று.

லேப் அம்மா பேட்டரியைப் போனில் பொருத்தினார். அந்த உறையைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். வாசல் வரைக்கும் போய்விட்டு, கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"சார், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டோட போறீங்களே, அந்த டியூஷன் டீச்சர் என் கூடப்பிறந்த தங்கச்சி. பால் வாடையே அவளுக்கு ஆகாது சார், நீங்க சந்தேகம் கேக்கும்போதெல்லாம் சமையல் ரூம்ல இருக்கிற போன்லேருந்து என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா. கிடங்குல சிக்னலே வராதாமே, இனிமே அவ யாரைக் கேப்பா?"